செகண்ட் ஷிப்ட் வாரம்

கம்பெனி பஸ் கஸ்பா முனையில் திரும்பி
அதன் புகை கலையும்வரை
பால்கனியில் நிற்பேன்.
கீழ்வீட்டு ரெஜினா நினைத்துக்கொள்வாள்
என்ன ஒரு பாசம் என்று.
நான் போடும் கணக்கு வேறு:
ராணிப்பேட்டை போய்ச்சேர முக்கால் மணி,
ஷிப்ட் எட்டு மணி நேரம்,
திரும்பிவர முக்கால் மணி.
ஒரு கருவாட்டுக் குழம்புக்கும்
அதன் ஆவி அடங்கவும்
தாராளம்.

அரிசி டப்பாவில் வைத்தால் சோறு காட்டிக்கொடுத்துவிடும்.
ஒருமுறை பீரோவில், கல்யாணப் புடவைக்கடியில் வைத்தேன்.
அந்தப் புடவையை இனி யார் கல்யாணத்துக்கும் கட்ட முடியாது.
இப்போது வைப்பது
பழுதான மிக்ஸியின் அட்டைப்பெட்டியில்.
நெத்திலி நூறு கிராம், வாளை இரண்டு துண்டு.
வெந்நீரில் அலசித் தலை கிள்ளி,
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக்
காம்போடு நாலாக வகிர்ந்து,
புளி கொஞ்சம் தூக்கலாக.

முனிரத்தினத்துக்கு ஆகாது.
ஆகாது என்றால், தட்டை ஒதுக்கிவிட்டுப் போகிற ஆகாது இல்லை.
வாசலிலேயே நின்றுவிடுவான்,
லுங்கி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு,
"இன்னாடி இது, எலி செத்த வூடாட்டம் கீது" என்று.

சொல்கிறவன் யார்?
நாள் முழுக்க ஈரத்தோல் புரட்டுகிறவன்.
சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து
மயிர் கழன்ற ஆட்டுத்தோலை வாரித்
தோளில் போட்டு நடக்கிறவன்.
அவன் பனியனுக்குத் தனி வாளி.
அவன் தலையணையை
எத்தனை வெயிலில் திருப்பிப் போட்டாலும்
அதற்குள் ஒரு மந்தை படுத்திருக்கிறது.
பன்னிரண்டு வருஷமாய் அந்த மந்தையோடு நானும்.
ஒருநாளும் மூக்கைப் பொத்தியதில்லை.

பொய். மாசமாயிருந்தபோது ஒருதரம்.
மறுநாளிலிருந்து ஏழு மாசம்
கம்பெனி பைப்பிலேயே குளித்து
ஈரத்தலையோடு பஸ் ஏறி வந்தான்.
அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

சாப்பிடுவது தரையில்.
களி உருண்டையில் குழி பறித்து
குழம்பு ஊற்றி,
நெத்திலியை முள்ளோடு மென்று,
டிவி போடாமல், போன் தொடாமல்.
சப்புக்கொட்டும் சத்தம் எனக்கே கேட்கும்.
நன்றாயிருக்கும் அது.
பிறகு எலுமிச்சைத் தோல், காபித்தூள், சீயக்காய்,
ரெஜினாவின் வாயடைக்க ஒரு கிண்ணம்,
நாலு மூலைக்கும் சாம்பிராணி.
எல்லாம் நாலரைக்குள் முடியவேண்டும்.
ஸ்கூல் விட்டு வரும் பையன்
அப்பன் கட்சி.

போன வியாழக்கிழமை
கழிவுநீர்த் தொட்டி நிரம்பிப்போச்சாம்,
டிரம்மை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம்.
மூணரைக்கே வந்து நின்றான்.
என் விரலில் குழம்பு, பல்லிடுக்கில் வாளைமுள்.
எழவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.
லுங்கி இல்லை, பேண்ட்.
எதால் பொத்துவான் என்று பார்த்தேன்.
"துன்னு. துன்ட்டுக் கூப்புடு" என்று
இறங்கிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான்,
சித்திரை வெயிலில், தலைக்கு டிபன் பையைக் கவிழ்த்து.

சீக்கிரம் முடித்திருக்கலாம்.
இன்னும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

கூப்பிட்டதும் வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை.
நேராக அந்த மிக்ஸிப் பெட்டியிடம் போனான்,
இரண்டு விரலால் தூக்கி, கை நீட்டி,
குப்பைக்கென்று நினைத்தேன்,
பால்கனி மேல்தட்டில் வைத்தான்.
"அங்க எலி வருது. இங்க வையி."

எத்தனை மாசமாய்த் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.
கோபமா, வெறும் மூக்கா,
முதுகைப் பார்த்தால் தெரியவில்லை.
மந்தை மட்டும் என் பக்கம் திரும்பி
மெல்ல அசைபோட்டுக்கொண்டிருந்தது.