இரண்டு மருந்துக்கு நடுவே

ரோஸ் மூடி முதலில்.
அண்ணாந்து, கீழிமையை இழுத்துப் பிடித்து,
நுனி கண்ணில் படாமல் ஒரே சொட்டு.
மூடு. மூக்கோரம் லேசாக அழுத்து.
ஐந்து நிமிஷம் கழித்துத்தான்
வெள்ளை மூடி.

வேலூரில் கொடுத்த தாளை
பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள் ஸ்டெல்லா.
தலைக்குத் தண்ணீர் கூடாது.
குனியக் கூடாது. குடம் தூக்கக் கூடாது.
ராத்திரி அந்தப் பக்கம் சாயக் கூடாது.
கசக்கவே கூடாது.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு,
அவளே போட்டது.

குடியாத்தம் வழி பஸ்ஸில்
புழுதிக்கு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்,
கறுப்புக் கண்ணாடியோடு நான் உள்பக்கம்,
புது மாப்பிள்ளை மாதிரி.

மூன்றாம் நாள் ரோஸ் மூடி
கட்டிலுக்கு அடியில் உருண்டது.
அது கிடக்கிற இடம் தெரிகிறது,
அதன் விளிம்பு வரி தெரிகிறது.
தண்ணி லாரியிலிருந்து அவள் வரும்வரை
முதலாளி போல நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் ஒரு வேலை கண்டுபிடித்தேன்.
வலது கண்ணை மூடினால்
சுவர் சந்தனம், சட்டை சந்தனம்,
பேரணாம்பட்டு வானம் ஆறிப்போன டீ.
இடதை மூடினால்
சுவர் சுண்ணாம்பு.
"ஸ்டெல்லா, இந்தச் சட்டை வெள்ளையா?"
"வாங்கினப்பவே வெள்ளைதான்."
அடுப்பைப் பற்ற வைத்தாள்.
அத்தனை நீலம்
அந்தச் சின்ன வளையத்துக்குள்.

அங்கேதான் வயிறு கலங்கியது.

முப்பத்தொரு வருஷம் தோல்மண்டியில் செலக்‌ஷன்.
வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து
தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து,
இது முதல் ரகம், இது கழிவு.
போன தை மாசம் ஒரு நீல லாட்.
"பச்சை அடிக்குது" என்றேன்.
டிரம் பார்க்கிற இத்ரீஸ்
சாம்பிள் அட்டையை நீட்டினான்,
"மேஸ்திரி, வச்சிப் பாருங்க ஒரு தரம்."
"அட்டை எதுக்குடா,
முப்பத்தொரு வருஷக் கண்ணு இது."
நூற்று நாற்பது தோல் திரும்ப டிரம்முக்குப் போச்சு.
சாயக் காசு அவன் சம்பளத்தில்.
சித்திரையில் ஆம்பூருக்குப் போய்விட்டான்.

இன்று காலை, ரோஸ் மூடிக்கும்
வெள்ளை மூடிக்கும் நடுவே
போனைத் தேடி எடுத்தேன்.
"இத்ரீஸ் டிரம்" என்றுதான் இருந்தது பேர்.

பின்னால் எதுவோ சுற்றுகிற சத்தம்.
"மேஸ்திரி! ஆபரேஷனாமே?"
சொல்லி வைத்திருந்த நாலு வாக்கியமும் போய்
"அந்த நீலம், நீலம்தாம்பா" என்றேன்.

சுற்றுகிறது, சுற்றுகிறது.
"தெரியும்" என்றான்.
பிறகு, "சொட்டு ஒழுங்கா போடறீங்களா?
எங்க மாமா கசக்கிட்டு
திரும்ப ஒரு வாரம் படுத்தாரு."
"அந்தக் காசு..." என்று ஆரம்பித்தேன்.
"டிரம் நிக்குது மேஸ்திரி, வைக்கிறேன்."

கையைத் தூக்கினேன்.
"கசக்காதீங்க!" சமையற்கட்டிலிருந்து.
வடியட்டும் என்று விட்டேன்.
தாடை வரை வந்ததை மட்டும்
வேகவைத்த பஞ்சால் அவள் ஒற்றினாள்,
எதுவும் கேட்கவில்லை.
ஐந்து நிமிஷம் பதினொன்றாகியிருந்தது.

வெள்ளை மூடி போட்டபிறகு
தாளில் இரண்டு கோட்டுக்கும் கீழே
எழுதச் சொன்னேன்:
இத்ரீஸ், ஐயாயிரத்து நானூறு.

இடது கண்ணுக்கு
இன்னும் தேதி கொடுக்கவில்லை.