இருபத்தைந்து நிமிடம்

சுவரொட்டியில் என் பெயர்
அச்சகத்தின் முகவரிக்குச் சற்று மேலே.
உட்ரெக்ட்டில் நீனா கோஸ்டா.
லைப்ஸிக்கில் நிமா அகோஸ்ட்.
பிர்னோவில் வெறுமனே
‘மற்றும் ஒரு விருந்தினர்’.
பராகுவேயிலிருந்து கிளம்பிய நிமியா அகோஸ்தா
அந்தக் குளிர்காலம் முழுக்க
எந்த ஊருக்கும் வந்து சேரவில்லை.

ஒலிச்சோதனைக்கு அரை மணி என்று ஒப்பந்தம்.
ஹால்ஷ்காவின் டிரம்ஸ்காரர்
ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்து முடிக்கையில்
மிச்சம் ஏழு நிமிடம்.
என் யாழுக்கு முப்பத்தாறு நரம்பு.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
அப்புறம் கதவைத் திறப்பார்கள்,
கூட்டத்துக்கு முன்னால் குளிர் வந்து உட்காரும்,
சுதி கலையும்.

எனக்கென்று ஒதுக்கியது ஒரு கம்பளத் துண்டு.
பின்னால் கறுப்புத் துணி போர்த்திய அவருடைய கருவிகள்,
விடியலுக்குக் காத்திருக்கும் கிளிக்கூண்டுகள்போல.
எதிரே, தரையில், சிவப்பு எண்களில்
இருபத்தைந்திலிருந்து இறங்கும் கடிகாரம்.

நான் தொடங்கும்போது
மக்கள் இருக்கை எண்ணைத் தேடுவார்கள்.
‘மன்னிக்கணும், இது பதினான்கா?’
முதல் பாட்டின் நடுவே ஒரு மௌனம் வரும்,
அதில்தான் சரியாக வந்து விழும் அந்தக் கேள்வி.
பத்தாவது ஊருக்குப் பிறகு
அதற்காகவே மௌனத்தைக் கொஞ்சம் நீட்டினேன்.

கைதட்டல் உண்டு, பொய் சொல்லக்கூடாது.
இறங்கும்போது பேருந்து ஓட்டுநருக்குச் சொல்கிற
நன்றி மாதிரி.
இசைத்தட்டு மேசைக்கு வருபவர்களில் பாதிப்பேர்
கழிப்பறைக்கு வழி கேட்பார்கள்.
பெரும்பாலும் இடப்பக்கம்.

ஹால்ஷ்கா கெட்டவரில்லை.
‘தினமும் கேட்கிறேன், கண்ணில் நீர் வருகிறது’ என்று
என் இரு கைகளையும் பிடித்துச் சொன்னார்.
அவர் வண்டி தினமும் ஏழரைக்கு வரும்.
நான் ஏழுக்குத் தொடங்கி
ஏழு இருபத்தைந்துக்கு எழுந்துவிடுவேன்.

க்தான்ஸ்க்கில் பனி.
நெடுஞ்சாலையில் எங்கோ நின்றுபோனது அவர் வண்டி.
மேலாளர் ரட்கா மேடையோரம் நின்று
கண்ணுக்குத் தெரியாத ரப்பரை
இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள்.
பூஜ்யத்தைத் தொட்ட கடிகாரம்
கழித்தல் குறி போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கியது.

தெரிந்ததெல்லாம் வாசித்தேன்.
கல்யாண வீட்டு போல்கா.
பற்பசை விளம்பரத்தின் மெட்டு, மெதுவாக, சோகமாக.
விவாகரத்து வாரத்தில் எழுதி
யாரிடமும் காட்டாத ஒன்று.
அதற்கு ஒருவர் இருமினார்.
கழித்தல் முப்பத்தெட்டில்
விரலில் எதுவும் இல்லை.

எனவே முதல் பாட்டையே மறுபடி எடுத்தேன்.
இரண்டாயிரம் பேர்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
முன்வரிசைக் கம்பளிச் சட்டைக்காரி
புதுப் பாட்டுக்குத் தலையாட்டுவதுபோலவே ஆட்டினாள்.

மேலே மட்டும் ஏதோ நகர்ந்தது.
இருபத்திரண்டு இரவுகள்
எனக்கு ஒரே நீலம் போட்டவன் போஹுமில்.
மற்ற நிறங்கள் அவருக்கு.
அந்த மௌனத்துக்குள் நான் நுழைந்த நொடி
நீலத்தை அணைத்துவிட்டு
ஹால்ஷ்காவின் கடைசிப் பாட்டுக்கு வைத்திருந்த மஞ்சளை
என் மடியில் இறக்கினான்.
நரம்புகளின் நிழல் கம்பளத்தைத் தாண்டிப் போய்
அவருடைய பியானோ மீது ஏறியது.
அன்று யாரும் பதினான்கைத் தேடவில்லை,
எல்லோரும் எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

பிறகு தோளில் பனியோடு அவர் வந்தார்.
அரங்கம் எழுந்த சத்தம்
என் காதோரம் காற்றாகக் கடந்துபோனது.
யாழைத் தூக்கிக்கொண்டு நடையில் ஒதுங்கினேன்.

நள்ளிரவில், சரக்கு வாசலில்,
போஹுமில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
அவனுக்கு ஸ்பானியம் தெரியாது,
எனக்குச் செக் தெரியாது.
இரண்டு விரலைக் காட்டி, தலையசைத்தான்:
இரண்டாவதுதான்.
பிறகு முகத்தைச் சுளித்து
ஒரே ஒரு சுரத்தை மூக்கால் பாடி
சாவியைத் திருகுவதுபோல் விரலைத் திருகினான்.

ஆமாம்.
அந்த நரம்பு இறங்கித்தான் இருந்தது.