சத்தம் வராத பேரிங்

பணகுடிக்குத் தெற்கே
எண்பது மீட்டர் உயரம். உள்ளே ஒற்றை ஏணி.
இடுப்பில் கயிறு, தோளில் கிரீஸ் துப்பாக்கி.
காலையில் ஒரு காற்றாலை, மதியம் ஒன்று
என்று ஏறி இறங்குகிற உடம்பு இது.
மூச்சு வாங்காது.
இறங்கியதும் ஆறு புரோட்டா, சால்னா தனியாக.

இந்த உடம்புக்குத்தான்
நோய் என்று ஒரு தாள் கொடுத்தார்கள்.

கிரேன் சங்கிலி அறுந்து கால் நசுங்கின
அந்தோணிப்பிச்சைக்கு ரத்தம் கொடுக்கப் போனவன் நான்.
பத்தாம் நாள் பிளட் பேங்கிலிருந்து போன்:
'சொரிமுத்துதானே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.'
நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று
தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. கடைசி அறை.
கவுன்சிலர் பெயர் ஜெபக்கனி.
மேசையில் வெள்ளை டப்பா, முப்பது மாத்திரை.
'இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சிருங்க.'
'எனக்கு ஒண்ணுஞ் செய்யலையேம்மா.
ஒரு காச்சல் உண்டா, எடை எழுபத்தொண்ணு.'
'அதனாலதான் சொல்லுதேன்' என்றாள்.

வடக்கன்குளம் தங்கப்பழத்துக்கு
இதே வராந்தாவில்
பல வருஷம் முன்னால் சொன்னது வேறு.
இப்ப மாத்திரை வேண்டாம், எண்ணிக்கை குறையட்டும், வாரும்.
எண்ணிக்கை என்றால்
ரத்தத்தில் காவல் நிற்கிற ஆட்கள்.
அதில் பாதிக்கு மேல் சாய்ந்த பிறகே மாத்திரை,
அன்றைய விதி அது.
தங்கப்பழம் நன்றாகத்தான் இருந்தான்.
நாங்குநேரியில் லாரியை ஓரங்கட்டி
இளநீர் குடித்தபடி என்னைக் கேலி செய்தான்.
திரும்பிப் போகவேண்டிய தேதியை
நன்றாக இருந்ததால் மறந்தான்.
ஐப்பசியில் இருமல்.
தையில் அவன் இல்லை.

பங்குனியில்தான் நாங்கள் பேரிங் பார்ப்போம்,
காற்று பிடிக்கும் முன்னே.
ஒரு வருஷம் மேனேஜர் சொன்னார்:
சத்தம் வரட்டும், அப்புறம் பார்ப்போம்.
ஆனியில் சத்தம் வந்தது.
திறந்தால் பேரிங் இல்லை,
வெள்ளித் தூள்தான் கையில் ஒட்டியது.
அந்த விசிறி மட்டும் மூன்று மாதம்
கணவாய்க் காற்றை வேடிக்கை பார்த்து நின்றது.

இதை ஜெபக்கனியிடம் சொல்லவில்லை.
டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டேன்.
வள்ளியூர் பஸ்ஸ்டாண்டில் இறங்கி
லேபிளைப் பிளேடால் சுரண்டினேன்.

பேச்சித்தாயிடம் சொல்ல மூன்று நாள் ஆனது.
அவள் மடியில் சுளகு, சுளகில் அரிசி.
கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.
அந்த அரிசியில் கல்லே இல்லை.

பிறகு அவளும் வந்து ரத்தம் கொடுத்தாள்.
அவளுக்கு இல்லை.
திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.
மூன்றடைப்பு தாண்டியதும் எழுந்து வந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டு
'நேரத்துக்குப் போடுவியளா?'
என்று மட்டும் கேட்டாள்.

ராத்திரி ஒன்பதுக்கு அலாரம்.
அதற்கு 'கிரீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.
செட்டில் படுத்திருப்பவர்கள் சிரிப்பார்கள்:
'தூக்கத்திலயும் கிரீஸாவே?'

ஆறாம் மாதம்
மெஷினுக்கே பிடிபடாத அளவு என்றார்கள்.
இனி பேச்சித்தாய்க்கும் என்னால் பயமில்லை,
விடாமல் போட்டால்.

ஆடியில் டப்பாவைக் கவிழ்த்து
ஜெபக்கனி எண்ணினாள்.
மிச்சம் இருக்கக் கூடாது.
இரண்டு இருந்தது.
'காச்சலா? வெளியூரா? வீட்ல எதும் பிரச்சினையா?'

கோயில் கொடை இல்லை, மழை இல்லை,
டப்பா தொலையவும் இல்லை.
அலாரத்தை நானே அணைத்தேன்.
அந்த இரண்டு ராத்திரியும்
காற்று நல்ல வீச்சு,
விசிறி ஒன்றுகூட நிற்கவில்லை,
நான்
ரொம்ப நன்றாக இருந்தேன்.