அஞ்சு நாலு

கல்லுக்கட்டியில் மூவாயிரத்து இருநூறுக்கு
ஒரு பழைய போன் வாங்கினேன்.
முன்னால் வைத்திருந்தவன்
படங்களை அழித்திருந்தான், பெயர்களை அழித்திருந்தான்,
ஹெரான்ஸை அழிக்க மறந்துவிட்டான்.

ஏப்ரல். விடிய இன்னும் நேரமிருக்கிறது.
காரைக்குடி புதுப் பேருந்து நிலையம், நேரக்காப்பாளர் கூண்டு.
பொன்னமராவதி வண்டியை எழுதிக்கொண்டிருக்கையில்
சட்டைப்பையில் ஒரு துடிப்பு:
ஹெரான்ஸ் 2, எதிரணி 9.
வங்கிக்காரன் ஏதோ பிடித்துவிட்டான் என்று பயந்தேன்.

மறுநாளும் தோற்றார்கள்.
அதற்கு மறுநாளும்.
நாலாம் நாள் மழையால் ஆட்டம் இல்லை என்று வந்தது.
ஏனோ நிம்மதியாக இருந்தது.

கிட்டிப்புள் ஆடியவனுக்கு
பேஸ்பால் பாதி தானாகப் புரிந்தது.
மீதி இன்றுவரை இல்லை:
மூன்றாவது பந்தையும் விட்டு அவுட்டானவன்
பின்னால் நிற்பவன் கை நழுவினால்
எதற்காக ஓடுகிறான்?

வருடத்துக்கு நூற்று அறுபத்திரண்டு ஆட்டம்.
முதலிடத்தில் இருப்பவனே அறுபது தோற்கிறான்.
அறந்தாங்கி வண்டி ஓட்டும் சேவுகனிடம் சொன்னேன்.
"நம்ம டிப்போ மாதிரிதாண்ணே,
எங்க நின்னாலும் மறுநா ட்ரிப் உண்டுல்ல" என்றான்.

டீக்கடை ரபீக்குக்கு அது என்ன ஆட்டம் என்றே தெரியாது.
என் முகத்தைப் பார்த்துச் சர்க்கரையைக் கூட்டுவான்.
"இன்னைக்கும் போச்சா?"
"போச்சு."
ஜூலையில் பதினோரு நாள் தொடர்ந்து
பாயசம் குடித்தேன்.

ஒபாண்டோ என்றொருவன், இடக்கை எறிகாரன்,
நாற்பத்தொன்று வயது, முழங்காலில் கட்டு.
எறியுமுன் தொப்பியைக் கழற்றி
உள்ளே எதையோ பார்ப்பான்.
என்ன எழுதியிருக்கிறதென்று
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேடினேன், அகப்படவில்லை.
சாமி பேர் என்று வைத்துக்கொண்டேன்.

ஹெரான் என்றால் நாரையாம்.
கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் நாரை இறங்குகிறதென்று
அந்த ஊரார் தீபாவளிக்கும் வெடி போடமாட்டார்கள்.
எங்கள் கட்சியும் அப்படித்தான்.
போடக் காரணம் கிடைத்தால்தானே.

கடைசி ஆட்டம், செப்டம்பர் ஞாயிறு.
அங்கே பகல் மூன்று, இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி.
தொண்ணூற்றெட்டுத் தோல்வி ஏற்கெனவே கையில்.
ஒன்பதாம் சுற்றில் முடிய வேண்டியது
நாலுக்கு நாலு என்று நின்றது.
பத்து. பதினொன்று.
இந்த ஆட்டத்துக்குக் கடிகாரமே கிடையாது,
ஒருவன் ஜெயிக்கும்வரை ஆடுவார்களாம்.
இருபத்தோரு வருடம் நேரம் எழுதிச் சம்பளம் வாங்கியவன்
நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தேன்.

பதினாலில் ஒபாண்டோ வந்தான்.
தொப்பிக்குள் பார்த்தான்.
மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் திரும்பினார்கள்.
பிறகு ஹாலிக், கோடை முழுக்க எதையும் தொடாத பையன்,
ஒன்றைத் தட்டினான். ஆளில்லாத புல்லில் விழுந்தது.
முன்னால் நின்றவன்
கிளம்பிய இடத்துக்கே மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

நான் எழுந்து கத்தியதில்
நடைமேடையில் தூங்கியவர்கள்
பையைத் தடவிப் பார்த்தார்கள்.
"வண்டி வந்திருச்சா?" என்றாள் ஒருத்தி.

வந்திருந்தது. போயும் இருந்தது.
சேவுகன் இரண்டு முறை ஹாரன் அடித்தானாம்.
அறந்தாங்கிக்கு நேரே, புறப்பாடு என்ற கட்டத்தில்
என் கையெழுத்தில் கிடந்தது: 5.4

செவ்வாய்க்கிழமை செக்கிங் வந்தவர் விரலை வைத்தார்.
"இது அஞ்சு நாலா, அஞ்சு நாப்பதா?"
"அஞ்சு நாலு சார்."
"நிச்சயமா?"
"பார்த்துக்கிட்டே இருந்தேன் சார்."
சிவப்பு மையில் அவரே நடுவில் ஒரு பூஜ்யம் போட்டார்.

சொல்ல மறந்தேன்.
அந்தத் திங்கட்கிழமை விடியலில்
ரபீக் கொடுத்த டீயில்
சர்க்கரையே இல்லை.