சிக்னல் பாறை

டவுனில் எங்கே நின்றாலும் சிக்னல்.
எங்கள் டிவிஷனில்
பதினோராம் நம்பர் மலைப் பாறையில் மட்டும்,
அதற்குக் கீழே ரோட்டு வளைவில் ஒரு நாலு செக்கன்.
பாறையிலும் நின்றால் வராது.
குந்தியபடி இடது கையைத் தூக்க வேண்டும்,
விடை தெரியாமலே வகுப்பில் கை உயர்த்துகிறவன் மாதிரி.

ஏழு மாதம் அங்கே குந்தியிருந்தேன்.
விடியப்புறம் மூன்று மணிக்கு
பனி காதுக்குள் இறங்க,
காலில் அட்டை ஏறியது தெரியாமல்
விலை ஏறியதா என்று பார்த்தபடி.

நாணயம் என்கிறார்கள்.
கையில் பட்டதில்லை, கிலுங்கியதில்லை.
தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கும்
டிக்சன்தான் காட்டித் தந்தான்.
குறூப்பில் எல்லாரும் நிலாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.
எனக்கு ஓட்டோவின் லீசிங் கட்டுப்பட்டால் போதும்.
முதல் கிழமை நாலாயிரம் வந்தது.
கொத்து ரொட்டி வாங்கிப் போனேன்.
ஏது சல்லி என்றாள் யோகமலர்.
நுவரெலியா ஹயர் என்றேன்.
முதல் பொய்
லாபத்தில்தான் பிறந்தது.

பிறகு சிவப்பு.
சிவப்பு சல்லி கேட்காது,
விட்டதைப் பிடி என்று மட்டும் சொல்லும்.
விட்டதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் விட்டேன்.
அதைப் பிடிக்க லீசிங் காசு.
அதையும் பிடிக்க அவள் தோடு,
ஹட்டன் அடகுக் கடையில்.

இனி இல்லை என்று மூன்று தரம் சத்தியம் செய்தேன்.
ஒரு தரம் மாரியம்மன் முன்னால்.
என்னை நன்றாகத் தெரியும் போல அவளுக்கு,
பூக்கூட விழவில்லை.

ஆடி மழையில் ஹயர் இல்லாத ஒரு பகல்.
லீசிங் ரசீதுகளின் பின்பக்கம் வெறுமையாய் இருந்தது.
தோற்ற நாட்களை ஒவ்வொன்றாய் எழுதினேன்,
விலையை விட்டுவிட்டு
அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும்.

பேங்க் வரிசையில் நின்றவனை
ஒதுங்கி நில் என்றான் காவல்காரன்.
கொழுந்து ஒரு கிலோ குறைவென்று
யோகமலருக்கு அரைப்பேர் போட்டார்கள்,
நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை.
டிக்சன் புது போன் வாங்கினான்.
மகள் இங்கிலீசில் ஏதோ கேட்டாள், எனக்குப் புரியவில்லை, சிரித்தேன்.
லிந்துலை போகும் வழியில் பின் சீட்டில் ஒருவர்
ரேடியோவைக் குறை என்றார். நான்தான் பாடிக்கொண்டிருந்தேன்.

திரும்பப் படித்தேன்.
இதில் சந்தை எங்கே இருக்கிறது?
எவராவது என்னைச் சின்னவனாக்கிய இரவெல்லாம்
பாறைக்கு ஏறியிருக்கிறேன்,
பெரியவனாகி இறங்க.

அன்றிரவு யோகமலரிடம் சொன்னேன்.
"சட்டையை அடகுச் சீட்டோடயே துவைக்கப் போட்டீங்க.
காய வச்சு அரிசி டின்னுக்கு அடியில வச்சிருக்கேன்."
இரண்டு மாதமாக அவள் காது வெறுங்காது.
தோட்டை ஒரு நாளும் தேடவில்லை.
அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
மிச்சம் கொஞ்சம் அதில் கிடக்கிறது.
கை பரபரத்தால் முதலில் ரசீதில் எழுதுகிறேன்:
இன்று யார், என்ன சொன்னார்.
எழுதியதைக் காலைப் பிரட்டு வரைக்கும் தொடுவதில்லை.
பாதி நாள்
காலையில் எனக்கே சிரிப்பு வருகிறது.
மீதி நாள் வருவதில்லை.

போன கிழமை டிக்சன் கடைக்கு வெளியே ஓடிவந்து சொன்னான்,
நான் நட்டத்துக்கு விற்றது மூன்று மடங்காம்.
வயிற்றுக்குள் ஏதோ புரண்டது.
பீலியடிக்குப் போய் ஓட்டோவைக் கழுவினேன்.
கழுவியதையே இன்னொரு தரம் கழுவினேன்.

நேற்று நடுச்சாமம்
கடைசி லயத்து சசிரேகாவுக்கு வலி.
ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறேன்,
அவள் மாமியார் பின்னால் முருகா முருகா என்கிறாள்.
பாறைக்குக் கீழே, அந்த வளைவில்,
சட்டைப் பையில் போன் துடித்தது.

ஒன்று.
இரண்டு.
பள்ளத்தைப் பார்த்து ஓட்டு தம்பி என்றாள் கிழவி.
இரண்டு கையும் ஹேண்டிலில்தான் இருந்தன.
வளைவு முடிந்தது.
சிக்னல் போனது.