வியாழக்கிழமைப் பாதங்கள்

வியாழன் எனக்கு வசூல் நாள்.
தன்னாமுனையில் பத்தொன்பது வீடு,
அதில் ஏழு வாவிக்கரையோரம்.
கம்பனி தந்த பையில் ரசீதுப் புத்தகம்,
என் பையில் செபமாலை.
இரண்டும் ஒன்றோடொன்று சிக்காமல்
மூன்று வருசம் ஓடியிருக்கிறேன்.

பெரிய வியாழனுக்கும் லீவில்லை.
டெல்பின் அக்கா வாசலில்
ஸ்கூட்டியை நிறுத்தாமலே கூப்பிட்டேன்.
சின்னவன் வந்தான்.
"அம்மா வெளிய போயிட்டா."
சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் சொன்னான்.
குசினித் திரை நிலத்துக்கு ஒரு சாண் எட்டவில்லை.
அதன் கீழே இரண்டு பாதம்.
இடது பெருவிரலில் நீலச் சீலைத் துண்டு,
குதிக்காலில் காய்ந்த இடியப்ப மா.
ஒரு கால் மற்றக் காலின் மேல் ஏறி
ஒளிய இடம் தேடியது.

"பின்னேரம் கோயில்ல காணுவம் எண்டு சொல்லு."
பகிடியாகத்தான் சொன்னேன்.
உள்ளே அது எப்படிப் போய் விழுந்ததோ.

பின்னேரம் பன்னிரண்டு பேரில் ஒருவர் குறைந்தார்.
செபஸ்தியாம்பிள்ளை மாமாவின் சலரோகக் காலை
ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்களாம்.
பாதர் சுற்றிப் பார்த்து
தூணுக்குப் பின்னால் இருந்தவளைக் கைகாட்டினார்.
தண்ணீர்க் குடம் என் கையில். எங்கள் அன்பியத்தின் முறை.

பதினொரு பாதத்துக்குத் தண்ணீர் ஒழுங்காக விழுந்தது.
பன்னிரண்டாவது,
நீலத் துண்டை அந்த நிமிடம்தான் அவிழ்த்து
கைக்குள் பொத்திக்கொண்டாள்.
மா இன்னும் இருந்தது.
அவள் பாதரைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தாள். கோபமில்லை,
'இஞ்சயுமா' என்கிற பார்வை.
அளவுக்கு மீறி ஊற்றிவிட்டேன்.
பாதரின் அங்கி நனைந்தது.
பீடப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இரவு ஆராதனை. பத்திலிருந்து பதினொன்று எங்களுக்கு.
முழங்காலில் நின்றேன்.
செபம் வரவில்லை, கணக்கு வந்தது.
வலை வாங்க நாற்பதாயிரம்.
கிழமைக்கு ஆயிரத்து நூற்றைம்பது.
நாற்பத்தேழு கிழமை கட்டிவிட்டாள்:
ஐம்பத்து நாலாயிரத்து ஐம்பது.
இன்னும் பதினோராயிரம் என்கிறது என் புத்தகம்.
ஐந்து தவணை போக மிச்சமெல்லாம் தண்டம்.
தண்டத்தை எழுதிய பேனை என்னுடையது.

தோட்டத்தில் நித்திரையாகிப் போன சீடர்கள் பாக்கியசாலிகள்.
நான் மூன்று வருசமும்
நல்ல விழிப்பில் இருந்தேன்.

உயிர்ப்பு முடிந்த புதன் எமில்டா வீட்டில் கூட்டம்.
வாசகம், பகிர்வு, பிளேன்ரீ.
பகிர்வில் வழக்கம்போல
ஆண்டவர் எல்லாருக்கும் நல்லவராக இருந்தார்.
என் முறையில் கல்குலேற்றரைப் பாயில் வைத்தேன்.
"கடன் புத்தகம் இருக்கிற ஆக்கள் கொண்டு வாங்க.
எந்தக் கம்பனியெண்டாலும்."

யாரும் எழும்பவில்லை.
நுளம்பு அடிக்கும் சத்தம் மட்டும்.
கடைசியில் வீட்டுக்காரியே
அரிசி வாளிக்குள் கைவிட்டு
இரண்டு புத்தகம் எடுத்தாள்,
புருசனுக்கும் காட்டாதவை.
பிறகு ஒன்பது வந்தன.
பதினொன்று இருபது வரை கூட்டினேன்.
ஒருத்தி தொகையைக் கேட்டுச் சிரித்தாள்,
சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் அழுதாள்.
டெல்பின் அக்கா வரவில்லை.

மனேஜருக்கு யார் சொன்னதோ.
சனிக்கிழமை போன்: பையை ஒப்படைக்கட்டாம்.
என் ஸ்கூட்டிக்கு லீசிங்
இன்னும் பதினாலு மாதம் கிடக்கிறது.

அடுத்த வியாழன் வெறுங்கையோடு நடந்து போனேன்.
திரை அதே ஒரு சாண்.
பாதங்களும் அங்கேதான்.
"காசுக்கு வரல்ல கா.
உங்கட புத்தகத்தப் பாக்க வந்தன்."

உள்ளே இடியப்பம் பிழியும் சத்தம் நின்றது.
சின்னவன் என்னையும் திரையையும்
மாறி மாறிப் பார்த்தான்.
இந்த முறை அவனுக்கு
யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.