ஐந்தாண்டுச் சான்றிதழ்

மூன்றாம் நாள் பாடம், ஊதுவது.
சதுப்பில் செருகிய குழாய்க்குள்
மெல்லிய ரப்பர்க் குழலை இறக்கிக்கொண்டே
வாயால் ஊத வேண்டும்.
எங்கே குளுக் என்கிறதோ அங்கே தண்ணீர்.
நகத்தால் அந்த இடத்தைப் பிடித்து
வெளியே இழு, அளவைப் படி.

எஸ்டோனியக் காற்றில் பதினொரு பேர் ஊதினோம்.
மான் வேட்டைக்கு உரிமம் எழுதிக்கொண்டிருந்த ரீலிகா
குழலைக் கடித்தபடியே சிரித்துவிட்டாள்.
அவள் தண்ணீர் யாருக்கும் கேட்கவில்லை.

தார்வோ ஊதவே இல்லை.
"நாற்பத்தெட்டு" என்றார்
வாய்க்கால் கரையில் நின்றபடி.
அளந்தோம். நாற்பத்தேழு.
இதை வெட்டிய பொக்லைன் அவர் ஓட்டியது.
எண்பத்து நான்கில், மீட்டருக்கு இத்தனை ரூபிள் என்று.
இப்போது அடைக்கவும் மீட்டர் கணக்குதான்,
யூரோவில்.
வருத்தமாக இருக்கிறதா என்று யாரோ கேட்டதற்கு
"முதுகு வலிக்கிறது" என்றார்.

மாலை தேர்வு. குடில் முழுக்க ஈரக் காலுறை வாடை.
பதினேழாம் கேள்வி:
அடைத்த பின் சதுப்பு திரும்ப எத்தனை ஆண்டு?
அ, ஆ, இ
எதன் மேலும் பேனா இறங்கவில்லை.
பாசி மக்கி மக்கி
வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும் என்று
காலையில்தான் ஹெல்வே சொல்லியிருந்தாள்,
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

எல்லோரும் தேறிவிட்டோம்.
சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும்.
அரைச் சென்டிமீட்டர்.

வண்டிக்குக் காத்திருந்தபோது பார்த்தேன்:
தார்வோ போட்ட முதல் அடைப்புக்கு இந்தப்பக்கம்
தண்ணீர் வந்து முட்டி
எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது.
நாற்பது வருடமாக
ஓடியே பழகியது அது.